விட்டுப் போனவரும் விட்டுப் போகாதவரும்

ஒருவர் தன் இசைக்குழுவை விட்டு வெளியேறினார், உயர்ந்தார். மற்றவர் தன் குழுவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அவரும் உயர்ந்தார். டேமியன் ரைஸ், கிளென் ஹான்சார்ட் என்னும் இரு அயர்லாந்துப் பாடலாசிரியப் பாடகர்களின் தொடக்க காலத்தை அருகருகே வைத்துப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இந்த முரண்தான். இருவருக்கும் கிட்டார்தான் துணை. இருவரும் டப்ளினைச் சுற்றியே வளர்ந்தவர்கள். வயதில் மூன்றரை ஆண்டுகள்தான் வித்தியாசம். எதிரெதிர்த் திசையில் நடந்த இவர்கள் எப்படி ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்? அந்தக் கேள்வியைத் துணையாகக் கொண்டு இருவரோடும் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

பிறந்து வளர்ந்த மண்ணிலிருந்தே வேறுபாடு தொடங்குகிறது. 1973 டிசம்பரில் பிறந்த ரைஸ் வளர்ந்தது கில்டேர் மாவட்டத்துச் செல்பிரிட்ஜில். லிஃபி ஆறு டப்ளினுக்குள் நுழையும் முன் கடந்து வருகிற சிற்றூர் அது. 1970 ஏப்ரலில் பிறந்த ஹான்சார்ட் வளர்ந்தது டப்ளினின் வடக்கு விளிம்பில் உள்ள பாலிமனில். 1960களில் அரசு அங்கே கட்டிய ஏழு உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களுக்கு 1916 அயர்லாந்து விடுதலை எழுச்சியின் தலைவர்கள் எழுவரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். பெயரில் இருந்த பெருமை வாழ்க்கையில் இல்லை; அந்தக் கோபுரங்கள் இன்று இடிக்கப்பட்டுவிட்டன. ஒருவருக்கு ஆற்றங்கரை வாய்த்தது. மற்றவருக்குக் கான்கிரீட் அடுக்குகள் வாய்த்தன.

கற்ற வழியும் வேறு. ஹான்சார்ட் 13 வயதில் பள்ளியை விட்டுத் தெருவில் பாட வந்தார். அதற்கு ஊக்கம் கொடுத்தவர் பள்ளித் தலைமையாசிரியரே என்று பின்னாளில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். டப்ளினின் கிராஃப்டன் வீதிதான் அவருடைய பள்ளிக்கூடம்: நடந்துகொண்டே இருப்பவர்களை ஒரு பாட்டின் முதல் இரண்டு வரிக்குள் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கிட்டார் பெட்டியில் காசு விழாது. ரைஸோ குழுவுக்குள் கற்றவர். செல்பிரிட்ஜ் நண்பர்களோடு சேர்ந்து 1991இல் ‘ஜூனிபர்’ குழுவைத் தொடங்கி, ஒத்திகை, சுற்றுப்பயணம், ஒலிப்பதிவு என்று படிப்படியாகப் போனார். தெரு அவருக்குப் பிற்பாடுதான் வந்தது. ஹான்சார்டுக்குத் தெரு அரிச்சுவடி. ரைஸுக்கு அது கற்றதையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி படித்த பாடம்.

1991 என்ற ஆண்டு இருவர் கணக்கிலும் வருகிறது. ஜூனிபர் பிறந்த அந்த ஆண்டில்தான் ஆலன் பார்க்கரின் ‘தி கமிட்மெண்ட்ஸ்’ திரைப்படம் வெளிவந்தது. அதில் கிட்டார் வாசிக்கும் இளைஞனாக நடித்த ஹான்சார்டின் முகம் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்தது முகம்தான், பாட்டு அல்ல. முந்தைய ஆண்டு அவர் தொடங்கியிருந்த ‘தி ஃபிரேம்ஸ்’ குழுவுக்கு அந்தப் புகழ் உதவியதைவிடக் கவனத்தைக் கலைத்ததே அதிகம் என்று அவரே வருந்தியிருக்கிறார். ஆக, ரைஸின் வாழ்வில் பாட்டுக்குப் பிறகு வந்த புகழ், ஹான்சார்டின் வாழ்வில் பாட்டுக்கு முன்பே வந்து, ஒன்றும் ஆகாமல் திரும்பிப் போனது.

அடுத்து இசை வெளியீட்டு நிறுவனங்கள். இங்கே இருவர் அனுபவமும் நெருங்கி வருகிறது. ஜூனிபருக்குப் பாலிகிராம் நிறுவனத்தோடு ஆறு ஆல்பங்களுக்கான ஒப்பந்தம் கிடைத்தது. வேறொருவர் பேரதிர்ஷ்டமாகக் கருதியிருப்பார். ரைஸுக்கோ, தான் எழுத விரும்பும் பாட்டுக்கும் தன்னிடம் எதிர்பார்க்கப்படும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. 1998இல், 24 வயதில், குழுவை விட்டார். இத்தாலியின் டஸ்கனிக்குப் போய்ச் சிறிது காலம் தோட்டவேலை பார்த்தார்; பிறகு ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் பாடித் திரிந்தார். ஹான்சார்டின் குழுவும் பெரிய வாசல்களைப் பார்த்ததுதான். ஐலண்ட் நிறுவனத்தோடு முதல் ஆல்பம். அந்த உறவு நீடிக்கவில்லை. பிறகு இசட்டிடி நிறுவனம்; அதுவும் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு கதவு மூடியபோதும் அவர் குழுவைக் கலைக்கவில்லை. 2001இல் ‘ஃபார் தி பேர்ட்ஸ்’ ஆல்பத்தைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்கள். நிறுவனத்தை விடுவதற்காக ரைஸ் குழுவையும் சேர்த்தே விட வேண்டியிருந்தது. குழுவை விடாமலிருக்க ஹான்சார்ட் நிறுவனங்களை ஒவ்வொன்றாக இழக்க வேண்டியிருந்தது.

இதுவரை பார்த்தால் ‘போனவர் எதிர் நின்றவர்’ என்று கோடு போட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கோடு நேராக நிற்கவில்லை. காரணம், ஹான்சார்டின் கதையிலும் ஒருவர் போகிறார். ஃபிரேம்ஸ் குழுவின் தொடக்க காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் கார்னி 1993இல் விலகித் திரைப்படம் எடுக்கப் போனார். அந்தக் கார்னிதான் பதினான்கு ஆண்டுகள் கழித்து ‘ஒன்ஸ்’ என்னும் திரைப்படத்தோடு ஹான்சார்டை உலகத்தின் முன் நிறுத்தினார். ரைஸ் விலகியபோது ஜூனிபரில் எஞ்சியவர்கள் ‘பெல் எக்ஸ்1’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, அயர்லாந்தின் விரும்பப்படும் குழுக்களில் ஒன்றாக வளர்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பால் நூனன் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தார். ஒரு கதையில் போனவர் தனக்கான பாட்டைக் கண்டெடுத்தார். இருந்தவர்கள் தங்களுக்கான குரலைக் கண்டெடுத்தார்கள். மற்றொரு கதையில் போனவரே இருந்தவருக்கான வாசலைத் திறந்தார். பிரிவு இரண்டு கதைகளிலும் விதையாகவே விழுந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வியக்கவைத்த உறவு இதுதான்.

இன்னொரு நெருக்கமும் உண்டு. இருவரையும் உயர்த்தியவை சின்ன ஏற்பாடுகள். உதவியவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அயர்லாந்து திரும்பிய ரைஸ் தன் மாதிரிப் பதிவை அனுப்பியது திரைப்பட இசையமைப்பாளரும் தூரத்து உறவினருமான டேவிட் ஆர்னால்டுக்கு. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் பெரிய இசைக்குழுக்களை வைத்து வேலை செய்தவர் அவர். ரைஸுக்குக் கொடுத்ததோ வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ள ஒரு சிறு கருவித்தொகுதி. அதில் உருவான ‘ஓ’ ஆல்பம் 2002 பிப்ரவரியில் ரைஸின் சொந்த வெளியீடாக வந்தது. ஹான்சார்டுக்குப் பழைய குழுத்தோழர் கொண்டுவந்ததும் சிறு முதலீடுதான். ஏறத்தாழ 1,12,000 யூரோ செலவில் 17 நாளில் எடுத்து முடித்த படம் ‘ஒன்ஸ்’. நாயகனாக முதலில் பேசப்பட்டவர் கிலியன் மர்ஃபி; ஹான்சார்ட் பாட்டு மட்டும் எழுதுவதாக இருந்தது. மர்ஃபி விலகியதால் பாட்டு எழுதியவரே நடிக்கவும் வேண்டியதாயிற்று. 1991இல் நடிப்பு அவரை இசையிலிருந்து இழுத்தது. இந்த முறை அதே நடிப்பு அவரை இசைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பாட்டுகளையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் கேட்போம். ‘ஓ’வில் உள்ள ‘தி ப்ளோவர்ஸ் டாட்டர்’ ஒற்றைக் கிட்டாரின் மெல்லிய விரல் மீட்டலில் தொடங்குகிறது. குரல் காதருகே பேசுவதுபோல் வருகிறது. செல்லோ பின்னால் மெதுவாக நிறைகிறது. ரைஸ் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். ஒவ்வொரு முறையும் அதன் பொருள் கொஞ்சம் கனக்கிறது. பின்பாதியில், கேட்பவர் எதிர்பார்த்திராத நேரத்தில், லிசா ஹானிகனின் குரல் நுழைகிறது. அதுவரை ஒருவரின் ஏக்கமாக இருந்த பாட்டுக்கு அந்தக் கணத்தில் எதிர்த்தரப்பு கிடைத்துவிடுகிறது.

‘ஒன்ஸ்’ படத்தில் ‘ஃபாலிங் ஸ்லோலி’ பிறக்கும் காட்சியைப் பாருங்கள். டப்ளினில் ஓர் இசைக்கருவிக் கடை. அவன் கிட்டாரில் கோர்டுகளைச் சொல்லிக் கொடுக்கிறான். அவள் பியானோவில் தயங்கித் தயங்கிப் பிடித்துக்கொள்கிறாள். முதல் சுற்றில் தேடல், இரண்டாவதில் நம்பிக்கை, அதன்பின் இரு குரலும் ஒன்றாக எழுகின்றன. பாட்டு நம் கண்முன்னே கற்பிக்கப்பட்டு, கற்கப்பட்டு, பாட்டாகிறது. ரைஸின் பாட்டில் இரண்டாம் குரல் தாமதமாக வந்து எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஹான்சார்டின் பாட்டில் இரண்டாம் குரல் தொடக்கத்திலேயே வந்து எல்லாவற்றையும் தாங்குகிறது.

அந்த இரண்டாம் குரல்களுக்கும் தனி வரலாறு உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மாணவியாக இருந்தபோது ரைஸைச் சந்தித்தவர் ஹானிகன். செக் நாட்டைச் சேர்ந்த மார்க்கெட்டா இர்க்லோவா, தந்தையின் நட்பு வழியாகச் சிறுவயதிலேயே ஹான்சார்டுக்கு அறிமுகமானவர். அவரும் ஹான்சார்டும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு யோசெஃப் ஷ்க்வொரெட்ஸ்கி என்னும் செக் எழுத்தாளரின் நாவல் பெயரையே ‘தி ஸ்வெல் சீசன்’ என்று வைத்தார்கள். 2007இல் ரைஸும் ஹானிகனும் பிரிந்தார்கள். அதே 2007இல் ஹான்சார்டும் இர்க்லோவாவும் சேர்ந்து பாடும் காட்சி உலகத் திரைகளில் ஓடியது. 2008இல் ஹானிகனின் முதல் தனி ஆல்பம் வந்தது. அதே 2008 பிப்ரவரியில், ‘ஃபாலிங் ஸ்லோலி’க்கு விருது கிடைத்த ஆஸ்கர் மேடையில், நேரம் முடிந்து பேச வாய்ப்பின்றிப் போன 19 வயது இர்க்லோவாவை, விளம்பர இடைவேளைக்குப் பிறகு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் மீண்டும் அழைத்து நன்றி சொல்லவைத்தார். இரண்டு கதைகளிலும் துணைக்குரல் என்று ஒதுக்கப்படக்கூடியவர்கள் ஒரே ஆண்டில் தங்கள் முழு உரிமையோடு ஒலிவாங்கியின் முன் நின்றார்கள்.

திரைப்படம் இருவருக்கும் உதவிய விதத்திலும் ஒரு தலைகீழ் ஒற்றுமை தெரிகிறது. மைக் நிக்கல்ஸின் ‘க்ளோசர்’ 2004இல் வந்தபோது ரைஸின் ‘தி ப்ளோவர்ஸ் டாட்டர்’ ஏற்கெனவே உலகில் உலவிக்கொண்டிருந்தது. ‘ஓ’ 2003இல் அமெரிக்காவின் ஷார்ட்லிஸ்ட் பரிசை வென்றிருந்தது. படம் அந்தப் பாட்டோடு தொடங்கி அதே பாட்டோடு முடிந்தது. தயாராக இருந்த பாட்டைப் படம் தேடி வந்தது. பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் ‘ஓ’ 97 வாரங்கள் இருந்தது என்றால், அதை வாய்மொழியாகப் பரப்பிய கேட்பவர்களோடு படத்துக்கும் அதில் பங்குண்டு. ஹான்சார்டின் பாட்டோ படத்தோடு சேர்ந்தே பிறந்ததா என்று விசாரணையே நடந்தது: முன்பே வேறு பதிவுகளில் வெளிவந்துவிட்டதே என்ற ஐயம் எழ, ஆஸ்கர் குழு ஆராய்ந்து, படத்துக்காக எழுதியதே என்று ஏற்றது. விருது வந்தபோது அவருக்கு வயது 37. ‘ஓ’ வந்தபோது ரைஸுக்கு 28. விட்டுப் போனவர் நான்கு ஆண்டில் சேர்ந்த இடத்துக்கு, விட்டுப் போகாதவர் வந்து சேரப் பதினேழு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த ஆண்டுகளின் தடம் ஹான்சார்டின் கிட்டாரிலேயே இருக்கிறது: ஓயாமல் மீட்டியதில் மரம் தேய்ந்து, ஒலித்துளைக்கு அருகே இன்னொரு துளை விழுந்திருக்கிறது. ரைஸின் பாட்டில் மௌனம் செய்யும் வேலையை ஹான்சார்டின் பாட்டில் அந்தத் தேய்மானம் செய்கிறது.

கடைசியாக, இருவர் கதையும் உண்மையாகவே தொட்டுக்கொள்ளும் ஒரு பெயர்: மிக் கிறிஸ்டோபர். கிராஃப்டன் வீதியில் ஹான்சார்டோடு பாடிய தோழர். ரைஸுக்கும் நெருங்கிய நண்பர். சுற்றுப்பயணத்தில் இருந்தபோது நெதர்லாந்தில் கீழே விழுந்து 2001 நவம்பரில் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து வந்த ‘ஓ’ ஆல்பத்தை ரைஸ் அவருக்கே அர்ப்பணித்தார். உயர்வு என்ற சொல்லை இருவருக்கும் சொல்லும்போது, அதே தெருவில் நின்று அதே திறமையோடு பாடி, அந்த உயர்வைக் காணாமல் போன மூன்றாமவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

போவது சரியா, இருப்பது சரியா என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஒப்பீடு இடம் தரவில்லை. போனவருக்கும் ஒரு துணைக்குரல் தேவைப்பட்டது. இருந்தவருக்கும் போன ஒருவரின் கை தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்கள் தர முடியாததை இருவருக்கும் தந்தவர்கள் உறவும் நட்பும்தான். ஒரு மாலை நேரம் கிடைத்தால் ‘ஓ’வைக் கேளுங்கள், ‘ஒன்ஸ்’ பாருங்கள். அதன்பின் மிக் கிறிஸ்டோபரின் ‘ஸ்கைலார்க்கின்’ ஆல்பத்தையும் தேடிக் கேளுங்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 2002இல், அது வெளிவந்தது.