டிக் டைகரின் தொழில்வாழ்க்கை: குடியேற்ற நாட்டுக் குத்துச்சண்டை வீரரொருவர் பற்றிய சமூக வரலாற்றுக் குறிப்பு

குத்துச்சண்டை வீரரொருவரின் தொழில்வாழ்க்கை வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற வினா எழுவது இயல்பே. மன்னரும் அமைச்சரும் தலைவருமே வரலாற்றை இயக்குவோர் என்ற எண்ணம் தளர்ந்துவிட்டபோதும், விளையாட்டுத்துறை பெரும்பாலும் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கே உரியதாகக் கருதப்படுகின்றது. ஆயினும், பணத்துக்காக ஆடப்படும் விளையாட்டுகளுள் குத்துச்சண்டை தனித்த இயல்புடையது. இங்கு உடலே மூலதனம், உடலே விற்பனைப் பண்டம், உடலே தேய்மானம். அவ்வுடலை விற்க முன்வருவோர் யார், வாங்குவோர் யார், வெற்றியின் புகழ் எவருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது என்பன சமூக வரலாற்றின் மைய வினாக்களாகும். டிக் டைகர் என்ற பெயரால் உலகறிந்த நைஜீரியக் குத்துச்சண்டை வீரர் ரிச்சர்ட் இஹெட்டுவின் (1929-1971) வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஹெட்டு 1929 ஓகஸ்ட் 14ஆம் திகதி, கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் அமைக்போ என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே, பெண்கள் மீதும் வரி விதிக்கப்படப்போகின்றது என்ற அச்சத்தினால் அப்பிரதேசப் பெண்கள் பிரித்தானிய ஆட்சிக்கும் அது நியமித்த தலைவர்களுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். அபா நகரின் பெயரால் வழங்கும் அக்கிளர்ச்சி, குடியேற்ற ஆட்சியின் வரியும் சந்தையும் கிராம வாழ்வினுள் எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தன என்பதற்குச் சான்றாகும். அதே அபா நகருக்கே இஹெட்டு பிழைப்புத் தேடிச் சென்று சிறு வணிகத்தில் ஈடுபட்டார். பிரித்தானியப் படையினர் நடத்திய குத்துச்சண்டைக் கழகங்கள் அங்கிருந்தன. அவரது மூர்க்கமான சண்டைமுறையைக் கண்ட ஆங்கிலேயர் ஒருவரே ‘டைகர்’ என்ற பெயரை அவருக்கு இட்டதாகக் கூறப்படுகின்றது. ஆபிரிக்கக் காடுகளிற் புலி வாழ்வதில்லை. தொழிலுக்குரிய பெயர்கூட வெளியிலிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1952இல் தொழில்முறை வீரரான டைகர், 1955இன் இறுதியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை அடைந்தார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு காலத்தில் அடிமைகளையும் பின்னர் பாமெண்ணெயையும் ஏற்றிச் சென்ற கப்பல்களாற் செழித்த துறைமுகம் அது. இப்போது அங்கு வந்திறங்கியவர்கள் கூலிக்குச் சண்டையிடும் இளைஞர்கள். டைகர் அங்கு ஆடிய முதல் நான்கு போட்டிகளிலும் தோல்வியுற்றார். குளிரும் தனிமையும் ஒருபுறம். பகலில் தீந்தைப் பண்டசாலையில் வேலை மறுபுறம். பிரித்தானியத் தேசியப் பட்டத்துக்குக் கறுப்பின வீரர் போட்டியிடலாகாது என்ற தடை 1940களின் பிற்பகுதி வரை நிலவியது என்பதையும், அதன்பின் அப்பட்டத்தை வென்ற முதலாவது கறுப்பின வீரர் டிக் டர்ப்பின் (1948) என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். டைகர் வந்திறங்கியபோது அத்தடை நீங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

அவரை நிலைநிறுத்தியது விடாப்பிடியான உழைப்பே. 1957 மே மாதம், பின்னர் உலகச் சம்பியனாகவிருந்த ரெரி டவுண்சை இலண்டனில் வென்றார். அதே ஆண்டு ஜூன் மாதம், லிவர்பூலைத் தளமாகக் கொண்டிருந்த மற்றொரு நைஜீரியரான ஹோகன் பாசி இறகுநிறைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். 1958 மார்ச் 27ஆம் திகதி, லிவர்பூலிலேயே பற் மக்காற்றியரை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தி, மிடில்வெயிட் எனப்படும் நடுநிறைப் பிரிவின் பிரித்தானியப் பேரரசுப் பட்டத்தை டைகர் வென்றார். பேரரசு சிதைந்துகொண்டிருந்த வேளையில் அதன் பெயராலமைந்த பட்டமொன்றைக் குடியேற்ற நாட்டவரொருவர் சூடிக்கொண்டமை அக்காலத்தின் முரணைச் சுருங்கக் காட்டுகின்றது.

1959இல் அவர் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். அப்போது அந்நாட்டின் குத்துச்சண்டைத் தொழில் இரு மாற்றங்களுக்கு உட்பட்டிருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு மக்களை வீட்டிலேயே இருத்தியதால் சிறு அரங்குகள் மூடப்பட்டு, வீரர் பயிலும் களங்கள் அருகின. மறுபுறம், போட்டிகளைத் திரைமறைவிற் கட்டுப்படுத்திய குற்றக் கும்பல் செனற் சபை விசாரணையின் மூலம் அம்பலமாகி, அதன் தலைவன் பிராங்கி கார்போ 1961இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றான். ஆயினும் தொழிலின் அடிப்படை மாறவில்லை. பட்டத்தை வைத்திருப்பவரும் அவரது முகாமையாளரும் எதிராளியைத் தெரிவு செய்வர். திறமை மிகுந்தவனாயினும் கூட்டத்தை ஈர்க்காதவன் காத்திருக்கவேண்டும். காத்திருப்பவன் வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு தொகைக்குக் கடும் எதிராளியுடன் மோதவேண்டும். ஆரவாரப் பேச்சறியாத, அடக்கமான, முப்பது வயதுடைய ஆபிரிக்கருக்கு இந்த ஒழுங்கு எவ்வாறிருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

1962 ஒக்டோபர் 23ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில், யூட்டா மாநிலத்தவரான ஜீன் புல்மரைப் பதினைந்து சுற்றுகளில் வென்று, உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் நடுநிறைப் பட்டத்தை டைகர் பெற்றபோது அவருக்கு வயது 33. 1963 பெப்ரவரியில் லாஸ் வேகாசில் நடந்த மறுபோட்டி சமநிலையில் முடிந்தது. மூன்றாவது போட்டியே வரலாற்று முக்கியத்துவமுடையது. 1963 ஓகஸ்ட் 10ஆம் திகதி, இபதான் நகரின் லிபேட்டி விளையாட்டரங்கில் ஏழு சுற்றுகளின் பின் புல்மர் தொடர இயலாது விலகினார். தென்னாபிரிக்காவில், வெள்ளை நிறவெறி ஆட்சியின்கீழ், 1950 முதல் உலகப் பட்டப் போட்டிகள் நடந்ததுண்டு. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பு ஆபிரிக்க நாடொன்றில் நடைபெற்ற முதலாவது உலகப் பட்டப் போட்டி இதுவேயாகும்.

இபதான் யொரூபா மக்களின் நகர். வென்றவர் இக்போ இனத்தவர். 1960 ஒக்டோபர் முதலாந் திகதி விடுதலை பெற்று மூன்று ஆண்டுகளும் நிறையாத நாட்டின் ஆட்சியாளருக்கு இக்காட்சி பெருவாய்ப்பாக அமைந்தது. பிரதேசம், மொழி, மதம் ஆகியவற்றாற் பிளவுண்டிருந்த அரசியல் தர இயலாத ஒருமைப்பாட்டை ஒரு மனிதனின் இரு கைகள் ஒரு மாலைப்பொழுதுக்குத் தந்தன. ஆனால் இவ்வொருமைப்பாட்டுக்கு அடித்தளமாக அமையக்கூடிய பொருளாதாரப் பங்கீடோ அரசியல் உடன்பாடோ இருக்கவில்லை. வெற்றி வீரன் தேசத்தின் குறியீடாகலாம். தேசத்தை உருவாக்க அவனால் இயலாது.

நான்கு மாதங்களில், 1963 டிசெம்பர் 7ஆம் திகதி, அற்லான்ரிக் நகரில் ஜோய் ஜியார்டெலோவிடம் பட்டத்தை இழந்தார். மறுவாய்ப்புப் பெற ஏறத்தாழ 22 மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில், 1965 மேயில், பிற்காலத்தில் கொலைவழக்கொன்றில் அநீதியாகத் தண்டிக்கப்பட்டு நெடுங்காலம் சிறையிருந்த ரூபின் கார்ட்டரை மூன்றுமுறை வீழ்த்தி வென்றார். அதே ஆண்டு ஒக்டோபர் 21இல் ஜியார்டெலோவிடமிருந்து பட்டத்தை மீட்டார். 1966 ஏப்ரில் 25இல் எமில் கிரிபித்திடம், பலரால் ஏற்கப்படாத தீர்ப்பொன்றினால், மீண்டும் இழந்தார். நடுநிறையின் மேலெல்லை 160 இறாத்தல். அக்காலத்தில் அதற்கு அடுத்ததாயிருந்த லைட் ஹெவிவெயிட் பிரிவின் எல்லை 175 இறாத்தல். 37 வயதில், தம்மிலும் பருத்த உடலினர் போட்டியிடும் அப்பிரிவுக்குச் சென்று, 1966 டிசெம்பர் 16ஆம் திகதி ஹோசே ரொறஸை வென்று உலகப் பட்டம் பெற்றமை அவரது ஆற்றலின் உச்சமாகும்.

ஆனால் அவ்வாண்டிலேயே அவருக்குப் பின்னால் நின்ற தேசம் சிதையத் தொடங்கியிருந்தது. 1966 ஜனவரியிலும் ஜூலையிலும் நிகழ்ந்த இராணுவச் சதிகளையொட்டி வடபகுதியில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான இக்போ மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கிழக்கே ஓடினர். 1967 மே 30ஆம் திகதி கிழக்குப் பிரதேசம் பயாப்ரா என்ற தனிநாடாகத் தன்னை அறிவித்தது; ஜூலையிற் போர் மூண்டது. டைகர் பயாப்ராவின் பக்கம் நின்றார். அதன் படையில் லெப்டினன்ற் தரம் பெற்றுப் படையினருக்கு உடற்பயிற்சி அளித்தார். குத்துச்சண்டையாற் சேர்த்த பணத்தில் வாங்கிய சொத்துகளைப் போர் விழுங்கியது. எனவே நாற்பதை நெருங்கும் வயதிலும் அவர் அரங்கை விட்டு விலக இயலவில்லை. 1968 மே 24ஆம் திகதி நியூயோர்க்கில் பொப் பொஸ்ரர் அவரை நான்காவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். எண்பதுக்கு மேற்பட்ட போட்டிகளில் அவர் எழ இயலாது வீழ்ந்தது அந்த ஒருமுறையே.

முற்றுகையும் பட்டினியும் பயாப்ராவில் இலட்சக்கணக்கானோரின், பெரிதும் குழந்தைகளின், உயிரைக் குடித்தன. எண்ணெய் நலன்களைக் கொண்டிருந்த பிரித்தானியா லாகோஸ் அரசுக்கு ஆயுதம் வழங்கியது. சோவியத் ஒன்றியமும் அவ்வாறே செய்தது. முதலாளித்துவ, சோசலிச முகாம்கள் எனப் பிரித்து நோக்கும் எளிய அளவுகோல் இங்கு பயன்படாது என்பதை முற்போக்குச் சிந்தனையாளர் மனங்கொள்ளவேண்டும். 1969 நவெம்பரில், பயாப்ராவையும் ஒரு காரணமாகக் காட்டி, இசைக் கலைஞர் ஜோன் லெனன் தமது பிரித்தானிய அரச விருதைத் திருப்பியனுப்பினார். மறுமாதம் டைகரும் தமக்கு வழங்கப்பட்ட அதே தர விருதை வாஷிங்டனிலிருந்த பிரித்தானியத் தூதுவருக்குத் திருப்பியனுப்பினார். லெனனின் செயலை உலகு நினைவிற் கொண்டது. தன் ஊரையும் உறவையும் உடைமையையும் போரிற் பறிகொடுத்துக்கொண்டிருந்தவரின் செயல் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1970 ஜனவரியில் பயாப்ரா வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் கிரிபித்திடம் தோற்றதே அவரது இறுதிப் போட்டி. இருமுறை நடுநிறையிலும் ஒருமுறை லைட் ஹெவிவெயிட்டிலும் உலகச் சம்பியனாயிருந்தவர், நியூயோர்க் மெற்றோபொலிட்டன் கலைக்கூடத்திற் காவலாளியாக வேலை செய்தார். 1971இல் ஈரற் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதுவரை அவர் நாடு திரும்பத் தடைவிதித்திருந்த நைஜீரிய அரசு, சாகுந்தறுவாயிலிருந்தவருக்கு அனுமதி வழங்கியது. 1971 டிசெம்பர் 14ஆம் திகதி, தம் 42ஆவது வயதில், அபா நகரிற் காலமானார்.

டைகருக்கும் முகமது அலிக்கும் இடையிலான ஒப்பீடொன்று இவ்விடத்திற் பொருந்தும். அலி படையிற் சேர மறுத்தது 1967 ஏப்ரில் 28இல். பயாப்ரா பிரகடனம் அடுத்த மாதம். இருவரும் தம் தொழிலையும் வருவாயையும் பணயம் வைத்தே அரசியல் நிலைப்பாடெடுத்தனர். அலியின் பின்னால் உரிமைப் போராட்டமும் போரெதிர்ப்பு இயக்கமும் வளர்ந்து வந்தன; அவையே அவரது மறுப்பை வரலாற்றாக்கின. டைகர் சார்ந்து நின்ற அரசோ மூன்று ஆண்டுகளும் நிறையுமுன் இல்லாதொழிந்தது. நினைவு என்பது தனிமனிதத் தகுதியின் பரிசு அன்று. அதனைத் தாங்கி நிற்கும் சமூக சக்திகளின் விளைவே என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

பயாப்ராத் தலைமையின் குறைகளும், அத்தலைமையிற் கிழக்கின் சிறுபான்மை மக்கள் கொண்ட அச்சங்களும் தனியே ஆராயப்படவேண்டியவை; டைகரின் நேர்மை அவற்றை மறைத்துவிடாது. ஆயினும் அவரது தொழில்வாழ்க்கை ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. பேரரசு அவருக்குப் பட்டமளித்தது. அமெரிக்கச் சந்தை கூலியளித்தது. புதிய தேசம் புகழளித்தது. மூன்றும் அவரது உடலின் ஆற்றலைத் தமதாக்கிக்கொண்டன. அவரது மக்கள் கொல்லப்பட்டபோது மூன்றில் ஒன்றேனும் அவருக்குத் துணைநிற்கவில்லை. விருதைத் திருப்பியனுப்பிய செயலில்தான், தம் உழைப்பின் மதிப்பை நிர்ணயிக்கும் உரிமையை முதன்முறையாக அவரே தம் கையில் எடுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர் பதிவு செய்யவேண்டிய அவரது வெற்றிகளுள் அதுவும் ஒன்றாகும்.