கொழுகொழு குழந்தையும் தாய்மீது விழும் பழியும்

நாலரைக் கிலோவில் பிள்ளை பெற்றவளை ஊர் மெச்சும். அதே பிள்ளை மூச்சுத் திணறினால், வாயைக் கட்டாமல் தின்றாள் என்று அவளையே பழிக்கும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. கருவே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து பருக்கிறது என்று டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1952இல் விளக்கினார். அந்த இன்சுலின் சில சிசுக்களின் இதய நடுச்சுவரையும் தடிக்கவைக்கிறது; ரத்தம் வெளியேறும் பாதை குறுகுகிறது.

இதை முன்கூட்டி அறியும் சோதனையோ வெறும் வயிற்றைக் கேட்டது. எரியோட்டிலிருந்து பஸ் பிடித்துத் திண்டுக்கல் போகிற கர்ப்பிணி எவ்வளவு நேரம் பட்டினி கிடப்பாள்? சென்னை மருத்துவர் வி. சேஷையா வழி சொன்னார்: சாப்பிட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம் கழித்து ஒரே ஊசி, 140ஐத் தொட்டால் சிகிச்சை. 2007இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. காத்திருப்பில் போகும் கூலி மட்டும் இன்னும் அவள் கணக்கில்தான்.