மண்டையோட்டில் ஒரு புள்ளி

தலையை அசையாது நிறுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையை 1931இல் இருவர் தனித்தனியே வெளியிட்டனர். ஒருவர் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பணியாற்றிய ஹொலி புரோட்பென்ட், மற்றவர் ஜேர்மனியரான ஹொஃப்ராத். கதிர்க்குழாய்க்கும் தலையின் நடுத்தளத்துக்கும் இடையே 5 அடி என வரையறுத்தார் புரோட்பென்ட். உருப்பெருக்கத்தால் நேரும் பிழையைக் கணக்கிட்டுவிட இதனால் முடிந்தது. பற்சீரமைப்பு மருத்துவம் எண்களை நம்பத் தொடங்கியது அதன் பின்னர்தான். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான கோணம் 2 பாகை இருப்பதே இயல்பு என 1953இல் செசில் ஸ்ரைனர் எழுதினார்.

கண்ணின் பிழையோ அப்படியே இருந்தது. ஒரே படங்களைப் பலரிடம் கொடுத்துப் புள்ளிகளைக் குறிக்கச் செய்தனர் பௌம்ரின்டும் ஃபிரான்ட்சும். 1971இல் வெளிவந்த முடிவு: குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தனக்கேயுரிய விதத்தில் பிசகியது. தாடை மூலைப் புள்ளி வளைவின் வழியே நழுவியது. எண்களை நாள்தோறும் அச்சேற்றிப் பழகிய எனக்கு இது வியப்பளிக்கவில்லை. ஆயினும் 2 பாகையில் தீர்ப்புக் கூறுமிடத்தில் 1 பாகைத் தடுமாற்றம் சிறிதன்று. ஒரு பிள்ளையின் பல்லைப் பிடுங்குவதா, விடுவதா என்பதே அதில் தங்கியிருக்கக்கூடும். ஒரே படத்தை மீண்டும் குறித்துச் சராசரி காணுமாறு 1983இல் ஹூஸ்ரன் வலியுறுத்தியது இதனாலேயே.