நம் வீட்டுப் பொருளும் வரலாறே

கோலகங்சாரில் பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். 1877இல் அங்கு நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் ஒன்று அது என்பர். வேலியிட்டு, பலகை வைத்து அதனைக் காத்து வருகின்றனர். நல்லதே. ஆனால், இருள் பிரியுமுன் பால் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டியரின் உளியும் மங்கும் காண்டாவும் இன்று எங்கே?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; செம்பனை வந்தது; வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தை விட்டு ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் குடிபெயர்ந்தபோது, அவற்றைப் பழைய இரும்போடு போட்டுவிட்டோம். கண்காட்சிக்கு உரியவை அரசர் வாளும் அறிஞர் ஓவியமும்தான் என்று நாமே எண்ணிக்கொண்டோம்.

இவ்வெண்ணம் தவறு என்று காட்டிய தமிழ் ஓவியர் ஒருவர் உண்டு. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் தா. சனாதனன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது யாழ்ப்பாணப் பொது நூலகம். புதுப்பிக்கப்பட்ட அதே நூலகத்தில், 2004இல் அவர் ஒரு காட்சி அமைத்தார். 'வரலாறுகளின் வரலாறு' என்பது அதன் தலைப்பின் பொருள். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த அன்றாடப் பொருள்களே அங்கு காட்சிப் பொருள்களாயின. பார்க்க வந்தவர் தம் வாழ்வையே அங்கு கண்டனர். கலையை மக்களிடம் கொண்டு செல்வதற்கு இதனினும் நேரான வழி வேறு உண்டோ?

2011இல் அவர் ஒரு நூலும் வெளியிட்டார். தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இலங்கையில் வைத்திருந்த காணிப் பதிவேடு. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் அந்நூலில், போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து கோடுகளாக வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தார். பின் ஓவியர் தம் சித்திரத்தைச் சேர்த்தார். வரையத் தெரியாதவரின் கோணல் கோட்டுக்கே அங்கு முதலிடம்.

நமக்கு நேர்ந்தது போரன்று. ஆயினும் நாமும் வீடிழந்தவர்களே. இவ்வாரம் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுப்போம். தாம் வாழ்ந்த லயத்தை வரையச் சொல்வோம். அடுப்பு எங்கே, தொட்டில் எங்கே, குழாயடி எங்கே, பெரட்டுக் களம் எப்பக்கம் என்று கேட்போம். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கீழே எழுதி வைப்போம். பழைய வாளி ஒன்று மிஞ்சியிருந்தால், அதைச் சுமந்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவோம். பத்துக் குடும்பங்கள் இவ்வாறு செய்தால், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு கண்காட்சி அமைந்துவிடும்.

மரத்துக்கு வேலி இருக்கிறது. அதை வெட்டிய கைகளின் கதையைக் காக்க வேண்டியவர் நாம்தாம்.