இறுக்கிய கையும் கட்டிய கையும்

மந்தைவெளியின் மொட்டை மாடிகளில் சாயங்கால கராத்தே வகுப்பு நடக்கும்போது, சிறு பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் விரல்முட்டியை ஊன்றித் தண்டால் எடுப்பதைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் மறுநாள் அதே கையோடு மிருதங்க வகுப்புக்கோ வீணை வகுப்புக்கோ போகிறவர்கள். மயிலாப்பூரை ஒட்டிய பகுதியில் இது சாதாரணம். அதனால்தான் குத்துக்குக் கையைப் பழக்கும் முறையை இங்கே கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னைக்குள்ளேயே இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கராத்தே வெறுங்கையை அடித்துப் பழக்கி இறுக்குகிறது. வடசென்னை பாக்சிங் கையில் துணி சுற்றி, கையுறை மாட்டிக் காக்கிறது.

கராத்தேயின் பழைய கருவி மகிவாரா. ஓகினாவாவில் தரையில் ஆழப் புதைத்து நட்ட பலகை அது. அடி தடித்து நுனி மெலிந்திருக்கும். குத்து விழும் இடத்தில் வைக்கோல் கயிறு சுற்றியிருப்பார்கள். குத்தினால் பலகை பின்னால் வளைந்து திரும்பும்; அந்த வளைவில்தான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது. மணிக்கட்டு சற்றே மடங்கினாலும் உடனே வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இரண்டும் முதலில் பட வேண்டும்; முட்டி, மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மகிவாரா கற்றுக்கொடுப்பது இதைத்தான். தோலில் ஏறும் காய்ப்பு அதன் பக்கவிளைவு. சுவரும் சிமெண்டுத் தரையும் வளைந்து கொடுக்காதவை. அவற்றில் குத்திக் கையைக் காய்க்க வைப்பவர்கள் பக்கவிளைவை மட்டும் வாங்கிக்கொண்டு பாடத்தை விட்டுவிடுகிறார்கள்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். உண்மைதான், ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. தோலோ சில வாரங்களிலேயே தடித்துவிடும். வலி குறைந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிறவரின் எலும்பு அதற்குள் தயாராகியிருக்காது. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே இல்லை. தேய்ந்தால் திரும்ப வளர்வது அரிது.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1985-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 22 கராத்தே பயிற்றுநர்களின் கைகளைப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. மூட்டுத் தேய்மானம் முன்கூட்டியே வந்ததற்கான அடையாளம் தென்படவில்லை. நல்ல சேதி. ஆனால் அவர்கள் எல்லாருமே வளர்ந்தவர்கள், கலையில் நிலைத்துப் பயிற்றுநர் ஆனவர்கள். கை கெட்டுப் பாதியில் விட்டவர்கள் இப்படிப்பட்ட கணக்கில் வருவதில்லை.

இனி பாக்சிங். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகளாகப் பிரிந்து வடசென்னை வளர்த்த ஆட்டம் அது. இங்கே முதல் பாடங்களில் ஒன்று துணி சுற்றுவது. சுமார் நாலரை மீட்டர் நீளத் துணி கட்டைவிரலில் தொடங்கி மணிக்கட்டு, உள்ளங்கை, விரலிடுக்குகள் என்று சுற்றி வரும். அது மெத்தையாக இருப்பதைவிட, உள்ளங்கையின் சிறு எலும்புகளைச் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை மடங்காமல் நிறுத்துவதுதான் முக்கியம். மகிவாரா வலியால் வாங்கும் நேர்கோட்டைத் துணி கட்டுப் போட்டு வாங்குகிறது.

அதற்கும் விலை உண்டு. மண்டை ஓட்டில் வெறுங்கை மோதினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு எளிதில் முறியும். ஆகவே வெறுங்கைக்காரர் தலையைக் குறிவைக்கத் தயங்குவார். கையுறை அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடுகிறது; கை தப்பிக்க, மூளை அடி வாங்குகிறது. முகம்மது அலி 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடினார். 1984-இல் அவருக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கட்டிய கை கட்டவிழ்ந்த பிறகும் சிக்கல்தான். 1988-இல் மைக் டைசன் நியூயார்க் தெருச்சண்டை ஒன்றில் மிட்ச் கிரீன் என்ற பாக்சரை வெறுங்கையால் குத்தித் தன் கையெலும்பையே உடைத்துக்கொண்டார். உலகச் சாம்பியனாக இருந்தபோதே நடந்தது இது. இந்த ஓர் இடத்தில் மகிவாராக்காரருக்கு மேலான தெளிவு உண்டு: தன் வெறுங்கை எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

வளர்ந்தவர்களுக்கு நான் இரண்டையும் சேர்த்துச் சொல்வேன். துணி சுற்றி மணல் மூட்டையில் பழக்கம், இடையிடையே வளைந்து கொடுக்கும் பலகையில் மெதுவான சில குத்துகள், நடுவே ஓய்வு நாட்கள். பிள்ளைகள் விஷயத்தில் சமரசம் கூடாது. கையெலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் பதின்வயதின் நடுவிலோ கடைசியிலோதான் மூடுகின்றன. அதுவரை சுவர்க்குத்து வேண்டாம், வெறுந்தரையில் முட்டித் தண்டால் வேண்டாம். உள்ளங்கை ஊன்றி எடுக்கும் தண்டாலே மார்புக்கும் தோளுக்கும் போதும். கராத்தே வகுப்பில் காட்டும் ஓடு உடைப்புக்கும் காய்ப்பு தேவையில்லை. எலும்பு கான்கிரீட்டைப் போல நாற்பது மடங்கு அழுத்தம் தாங்கும் என்று 1979-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இயற்பியலாளர்கள் கணக்குக் காட்டினார்கள். உடைப்பது வேகமும் நேர்கோடும்தான்.

மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணலிலும் கூழாங்கல்லிலும் விரல்நுனியைச் செருகும் பயிற்சிக்கு அந்தக் கையைக் கொடுக்கவே கூடாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சொல் தெளிவாக விழுவது விரல்நுனியின் உணர்ச்சியால். மரத்துப்போவது கராத்தேக்காரருக்கு லாபமாகத் தோன்றலாம், வாசிக்கிறவருக்கு அது நஷ்டம். பிள்ளையை வகுப்பில் சேர்க்கும் அம்மாவும் அப்பாவும் மாஸ்டரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடலாம். முட்டியில் வீக்கமோ மரப்போ மறுநாள் காலையிலும் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.