இரத்தமும் பூஞ்சையும்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக எனச் சங்கத்தார் பணித்தபோது, மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுதும் எண்ணம் நமக்கு எழவில்லை. வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, அரசுப் பள்ளிகளிலேயே காலம் கழித்த நாம், ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் வாழ்வை எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பீங்கான் சூளையில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்து வந்தான். விட்டு விட்டு வந்த காய்ச்சலும், வெளுத்த முகமும், பல் ஈறில் கசிந்த இரத்தமும் கண்டு, பெற்றோர் மந்திரித்துக் கயிறு கட்டினர். ஒரு மாதம் வீணாயிற்று. பின்னர்ப் பெரிய மருத்துவமனையில் அது இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நீண்ட சிகிச்சையின் இடையே அவன் வாயிலும் தொண்டையிலும் பூஞ்சை படர்ந்து, உணவு இறங்காமல் தவித்தான். ஊர் திரும்பிய அவனுக்கு வாரம் ஒருமுறை விழுங்க மஞ்சள் நிற மாத்திரைகள் கொடுத்திருந்தனர்.

அப்போது நம் தெருவில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, அவனுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். தேநீர்க் கடைகளில் தனிக் குவளையின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நம் மக்களே இதைச் செய்தார்கள். இரத்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அன்று. நம்மிடமுள்ள சளியும் காய்ச்சலும் அவனுக்குப் போகாமல் அவனைத்தான் காக்க வேண்டியிருந்தது. இதை ஆசிரியராகிய நாமே அன்று அறிந்திருக்கவில்லை. அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் சென்னையில் படித்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தோம்.

இருமுறை தோற்ற மாணவர்

டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே வறுமை சூழ்ந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராலான அறுவைச் சிகிச்சை அங்கியை அணிந்தமையால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். அவருள் ஒருவரை மாய்த்தது ஸ்ப்ரூ எனும் நோய். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் கழிந்து, இரத்தம் குன்றி, மனிதன் உருகிப்போகும் நோய் அது.

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் பயணத்துக்குப் பொருள் தந்தவர்கள் அவருடைய மாமனாரும், காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் ஆவர். அந்நிய மண்ணில் வயிறு வளர்க்க, ஒரு மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளராக, நோயாளிகளின் மலமூத்திரக் கலங்களைக் கழுவினார். எந்த வேலையைச் செய்தார்கள் என்பதற்காக இந்நாடு நம் முன்னோரை ஒதுக்கி வைத்ததோ, அதே வேலை ஒரு மேதையின் படிப்புக்குச் சோறு போட்டது. இழிவு அந்த வேலையில் இல்லை. அதைப் பிறப்பின் பெயரால் ஒரு சாரார் மீது சுமத்தியதில்தான் இருந்தது.

இரத்தத்தில் தேடிய உண்மை

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் காணும் முறையை 1925இல் வெளியிட்டார். கரைசல் நீலமாக மாறும்; நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். சூளையின் நெருப்பு நிறத்தைக் கண்டு வேக்காட்டின் பக்குவம் சொல்லும் விருத்தாசலத்துத் தொழிலாளிக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தசை இயங்குவதற்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளும் அக்காலத்தில் இவ்விருவரிடமிருந்து வந்தன. ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார்.

அங்கே அவர் தொடர்ந்தது தம் சகோதரரைக் கொன்ற நோயின் தடத்தை. இதன் வேர் நம் நாட்டிலேயே இருந்தது. 1928 முதல் லூசி வில்ஸ் எனும் ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சத்து அதனைத் தீர்ப்பதைக் கண்டார். 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக் கீரை வகையிலிருந்து அத்தகைய சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனை ஆய்வகத்திலேயே செய்து முடித்தனர். இன்று நம் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பது இந்த அமிலமே.

பாஸ்டனில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த சிட்னி ஃபார்பர், இச்சத்து இரத்தப் புற்றுநோயில் நோயணுக்களின் பெருக்கத்தைத் தூண்டக்கூடும் என்று ஐயுற்றார். அப்படியானால் ஃபோலிக் அமிலம்போல் தோன்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள் நோயை அடக்க வேண்டுமன்றோ? பூட்டில் நுழைந்தும் திறக்காத போலிச் சாவி போன்ற அப்பொருளைச் சுப்பாராவின் குழுவினர் செய்து கொடுத்தனர். அதுவே அமினோப்டெரின். 16 குழந்தைகளுக்கு அளித்ததில் 10 பேரிடம் நோய் தணிந்தது என்று 1948 ஜூன் மாதத்தில் ஃபார்பர் எழுதினார். தணிவு தற்காலிகமானதுதான், ஆயினும் மருந்தே இல்லையென்றிருந்த நோய் முதன்முறையாகப் பின்வாங்கியது. அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட் எனும் நம் மாணவனின் மஞ்சள் மாத்திரை. இன்று பல மருந்துகளைச் சேர்த்து அளிப்பதால், வசதி மிக்க நாடுகளில் கடும் இரத்தப் புற்றுநோயின் பெரும்பான்மை வகைக்கு ஆளான குழந்தைகளுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர்.

மண்ணும் பூஞ்சையும்

மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலும் சுப்பாராவின் குழு மருந்து தேடியது. எழுபதைக் கடந்த பேராசிரியர் பெஞ்சமின் டக்கர், அமெரிக்க வயலொன்றின் மண்ணிலிருந்த, பூஞ்சை போல் தோன்றும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டார். அது 1948இல் வெளிவந்தது. பலவகைக் கிருமிகளை அது கொன்றது. ஆனால் அத்தகைய மருந்துகள் கிருமிகளை அகற்றிய இடத்தில் சிலருக்குப் பூஞ்சை தழைத்தது. நெல் வயலில் ஒரு களையை அகற்றினால் வேறொரு களை தலைதூக்குவது போன்றதே இது.

இரத்தப் புற்றுநோயிலோ இத்துன்பம் இரட்டிப்பாகும். உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் நோயினாலும் குன்றும். நோயைக் கொல்லும் மருந்தினாலும் குன்றும். காவல் இல்லாத ஊரில் கள்வர் புகுவதுபோல், காற்றிலும் நம் வாயிலும் தீங்கின்றி இருக்கும் பூஞ்சைகள் உள்ளே புகுந்துவிடும். 2021இல் கொரோனாவை ஒட்டி வந்த கருப்புப் பூஞ்சையும் காவல் தளர்ந்த உடல்களையே தேடிச் சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பூஞ்சைக்கு மருந்தாக நிஸ்டாட்டினை, எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் எனும் இரு பெண் அறிஞர்கள் 1950இல் அறிவித்தனர். அதுவும் மண்ணிலிருந்தே வந்தது. அதனால் கிடைத்த 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமைத்தொகையை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அறிவியலுக்கே அளித்தனர்.

யானைக்கால் நோய்க்கு நம் மாவட்டத்தில் வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் 1947இல் பிறந்ததே. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், தாய்நாடு திரும்பாமலே அவர் மறைந்தார். கழிவுநீரைத் தூய்மையாக்கும் வடிப்பானில் கண்ட பூஞ்சை ஒன்றுக்கு 1953இல் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! சுப்பாராவ் ஏழைதான். எனினும் அவர் பிறந்த குலத்துக்குப் பள்ளிக் கதவு அடைபட்டிருக்கவில்லை. அவர் சென்னையில் மருத்துவம் பயின்ற அதே காலத்தில், 1916இல், நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்கென நந்தனார் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. தேர்வில் இருமுறை தோற்ற ஒருவருக்கு மூன்றாம் வாய்ப்பு இருந்தது. நம் பாட்டன்மாருக்கு முதல் வாய்ப்பே இல்லை. அவர்களுள் எத்தனை சுப்பாராவ்கள் ஏரோடும் சூளையோடும் மறைந்தனரோ!

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை அண்ணல் அம்பேத்கரை நியூயார்க்குக்கு அனுப்பியது. காக்கிநாடா அறக்கட்டளை சுப்பாராவைப் பாஸ்டனுக்கு அனுப்பியது. மேதைகளுக்கும் வழிச்செலவு தர யாரேனும் வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகளாக வாங்கித்தந்த நோட்டுப் புத்தகமும், கட்டிய தேர்வுக் கட்டணமும் அதே இனத்தைச் சேர்ந்தவை. உறுப்பினர்கள் மாதச் சந்தாவைச் செலுத்தும்போது இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒருமுறை தேர்வில் தவறிய பிள்ளையைச் சூளைக்கு அனுப்பிவிடாதீர். பெண் பிள்ளையாயின் திருமணத்துக்கு அவசரப்படாதீர். நீடித்த காய்ச்சலும், காரணமற்ற வெளுப்பும், இரத்தக் கசிவும் கண்டால் கயிறு கட்டிக் காலம் கழிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நம் மாணவன் ஓராண்டை இழந்து, மீண்டும் வகுப்புக்கு வந்து பத்தாம் வகுப்பைத் தேறினான். அவன் வந்த முதல் நாளில் தண்ணீர்ப் பானை அருகே தனியாக வைக்கப்பட்டிருந்த குவளையை நாமே எடுத்து அப்புறப்படுத்தினோம். அவனுக்கு வீட்டிலிருந்து கொதித்தாறிய நீர் கொண்டுவரச் சொன்னோம். ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னோம். அன்று நடத்தியதே நம் பணிக்காலத்தின் சிறந்த பாடம் என்று கருதுகிறோம்.