நுழைவாயிலும் பணிப்படிநிலையும்: இந்திய மருத்துவமனைப் பணியாளர் வரலாறு (1835–1948)

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாறு பெரும்பாலும் நோய்கள், கல்லூரிகள், புகழ்பெற்ற மருத்துவர்கள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மருத்துவமனையில் நாள்தோறும் கட்டுப் போட்டவர், மருந்து கலந்தவர், இரவுப் பணி பார்த்தவர் ஆகியோரின் பணிவாழ்வு அதில் சிறிதளவே இடம்பெறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால மருத்துவமனையில் ஒருவரின் உயர்வை அவர் செய்த பணியைவிட, அவர் எவ்வாயிலின் வழியாக உள்ளே நுழைந்தார் என்பதே பெரிதும் வரையறுத்தது. வங்காளத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

இரு வாயில்கள்

1822ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ நிறுவனம், படைப்பிரிவுகளுக்குத் தேவையான 'நாட்டு மருத்துவர்'களை இந்திய மொழிகளின் வழியே பயிற்றுவித்தது. 1835இல் அது மூடப்பட்டு, ஆங்கிலவழிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றியது. எனினும், கீழ்நிலைப் பணியாளரின் தேவை குறையவில்லை. ஆகவே அக்கல்லூரியிலேயே 1839இல் இந்துஸ்தானி வகுப்பும், 1852இல் வங்கமொழி வகுப்பும் தொடங்கப்பட்டன. வங்கமொழி வகுப்பு 1873இல் சியால்தாவுக்கு மாற்றப்பட்டுப் பின்னர் கேம்பல் மருத்துவப் பள்ளி எனப் பெயர் பெற்றது.

இவ்வாறு கல்லூரி, பள்ளி என இரு வாயில்கள் அமைந்தன. பள்ளியில் பயின்றோர் மருத்துவமனை உதவியாளராகப் பணியேற்றனர். இப்பதவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணை உதவி அறுவை மருத்துவர் என மாற்றம் பெற்றது. அவர்களுக்கு மேலே, கல்லூரியில் பயின்ற உதவி அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கும் மேலே, மாவட்ட மருத்துவ அதிகாரியாக, பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஐரோப்பியர் இருந்தார். அப்பணிக்கான போட்டித் தேர்வு 1855 முதல் இந்தியருக்கும் திறந்திருந்தது; ஆனால் தேர்வு இலண்டனில் நடைபெற்றது. சட்டத்தின்படி திறந்த அவ்வாயில், பயணச் செலவினால் பலருக்கும் மூடியே கிடந்தது எனலாம்.

ஏற முடிந்தவரும் முடியாதவரும்

நீல்ரத்தன் சர்க்கார் இவ்வமைப்பின் இயல்பை விளக்கும் சிறந்த சான்றாவார். கேம்பல் பள்ளியில் பயின்ற அவர், மேலும் உயர்வதற்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மீண்டும் மாணவராகச் சேர வேண்டியிருந்தது. 1890இல் எம்.டி. பட்டம் பெற்றார். அவர் படியேறவில்லை, வெளியேறி வேறு வாயில் வழியாக நுழைந்தார். அவர் பயின்ற பள்ளியே பின்னர்க் கல்லூரியாக உயர்த்தப்பட்டு, இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளமையிலேயே கைம்பெண்ணான ஹைமவதி சென்னுக்கு அத்தகைய இரண்டாம் வாய்ப்புக் கிட்டவில்லை. 1894இல் அவர் கேம்பல் பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்றார். பெண்ணுக்குத் தங்கப்பதக்கம் வழங்குவதை ஆண் மாணவர் எதிர்த்துக் கிளர்ந்தனர். இறுதியில் அவருக்கு வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. ஹூக்ளியிலிருந்த டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றிய அவர், குறைந்த ஊதியத்தையும் மேலதிகாரிகளால் நேர்ந்த இடையூறுகளையும் தம் வங்கமொழித் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அரசு ஆவணங்களில் ஒரு பதவிப்பெயராக மட்டுமே தோன்றும் பணியாளரை உயிருள்ள மனிதராகக் காட்டுவதில் தன்வரலாற்றிலக்கியத்திற்குள்ள ஆற்றலை இது உணர்த்துகிறது.

கீழ்வாயில் மூடப்படுதல்

1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டம், பள்ளிச் சான்றிதழ் பெற்ற மருத்துவர்களைத் தன் வரம்பிற்கு வெளியே நிறுத்தியது. 1946இல் வெளிவந்த சர் ஜோசப் போரே குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 47,500 மருத்துவர்கள் பதிவு பெற்றிருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேர் பள்ளிச் சான்றிதழ் பெற்றோர் என்றும் தெரிவிக்கிறது. அதாவது, மூவரில் இருவர் அனைத்திந்தியத் தகுதிக்குப் புறம்பானவர். அக்குழுவின் பெரும்பான்மையினர் பட்டம் பெற்ற ஒரே வகை மருத்துவரே தேவை எனப் பரிந்துரைக்க, உறுப்பினர் சிலர் குறுகிய காலப் படிப்பும் தொடரவேண்டும் என மாறுபட்டனர். செவிலியர் எண்ணிக்கையோ ஏறத்தாழ 7,000 மட்டுமே.

தமிழகத்திலும் இம்மாற்றத்தின் விளைவைக் காணலாம். 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. சான்றிதழுக்குப் பயிற்றுவித்தது. அப்படிப்பு நிறுத்தப்படவே, பட்டக்கல்லூரியாக உயர்வதா, மூடுவதா என்னும் நெருக்கடி எழுந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கப்பட்டது. முன்னரே எல்.எம்.பி. பெற்றவர்களுக்குச் சுருக்கப் பட்டப்படிப்புகள் பின்னர் ஏற்படுத்தப்பட்டன. ஆயினும் பல்லாண்டு அனுபவமுடையோரும் மீண்டும் வகுப்பறைக்குச் செல்லவேண்டியிருந்தது.

இப்போக்கிலிருந்து 1948ஆம் ஆண்டின் மருந்தாக்கச் சட்டம் ஓரளவு வேறுபடுகிறது. மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலக்கும் பணி செய்தவர், முதற்பதிவேட்டில் இடம்பெற அச்சட்டம் வழிசெய்தது. கம்பவுண்டரின் கைப்பழக்கம் சட்டத்தின் பார்வையில் தகுதியாகக் கொள்ளப்பட்ட அரிய தருணம் இது. ஆயினும் இதுவும் முதற்பதிவேட்டுக்கு மட்டுமே உரிய சலுகையாகும்.

முடிவுரை

பட்டத்தை ஒரே தகுதியாக்கியதன் நோக்கம், ஏழைக்கொரு மருத்துவர் செல்வர்க்கொரு மருத்துவர் என்னும் ஏற்றத்தாழ்வை நீக்குவதே. அந்நோக்கம் நேர்மையானது. ஆனால் அதனால் கற்கும் வழி குறுகியது. தாய்மொழியில் பயின்று மருத்துவராகும் வாய்ப்பும் மறைந்தது. 'எல்.எம்.பி. டாக்டர்' என்னும் தமிழ் வழக்கு இவ்வரலாற்றைத் தன்னுள் கொண்டுள்ளது: எம்.பி.பி.எஸ். படித்தவர் பேச்சில் வெறும் 'டாக்டர்'. மற்றவர்க்கோ அவர் நுழைந்த வாயில் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இத்தகைய வழக்குகளையும் தன்வரலாறுகளையும் தொகுத்து ஆராய்வது, மருத்துவமனைப் பணியாளர் வரலாற்றுக்குத் தமிழாய்வு செய்யத்தக்க பங்களிப்பாகும்.